ஐஜிஜி-க்கு எதிராக எடுத்த சீரம் ஐஜிஎம்-ஐயும் ஏன் பிடிக்கிறது?

எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் கேட்டது சுருக்கமாக இது. ஆன்டிபாடி என்னும் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ, ஐஜிடி, ஐஜிஈ என்று ஐந்து வகுப்பு உண்டு. சுத்தப்படுத்திய மனித ஐஜிஜி-யை முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீர்) அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அகார் தட்டில் அதை ஐஜிஜி-க்கு எதிரே வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துப் படியும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஐஜிஎம், ஐஜிஏ ஆகியவற்றுக்கு எதிரே வைத்தாலும் கோடு விழுகிறது. "ஊசி போட்ட ஐஜிஜி-யில் கலப்படம் இருந்ததா? இல்லை, எல்லா ஆன்டிபாடியும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றனவா? அப்படியானால் ஐந்து வகுப்பு என்று எதை வைத்துப் பிரித்தார்கள்?"

கலப்படம் இருந்திருக்கலாம். யார் கையிலும் நூற்றுக்கு நூறு சுத்தம் வராது. ஆனால் துளிக் கலப்பு இல்லாத ஐஜிஜி-யை ஊசி போட்டிருந்தாலும் உங்கள் தட்டில் அந்தக் கோடுகள் விழுந்திருக்கும். இது தெரியாமல் நானும் ஆரம்ப காலத்தில் இரண்டு வாரம் புரதத்தைச் சுத்தப்படுத்தும் குழாயை மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன்; பிழை குழாயில் இல்லை, என் புரிதலில் இருந்தது.

குழப்பம் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரிலேயே தொடங்குகிறது. 'ஆன்டி ஐஜிஜி' என்றால் ஐஜிஜி-யை மட்டும் பிடிப்பது என்று படிக்கிறோம். ஐஜிஜி-யை ஊசி போட்டு எடுத்தது என்பதுதான் அதன் உண்மையான பொருள். பாடப்புத்தகத்தில் ஆன்டிபாடி என்பது மற்றவற்றைப் பிடிக்கும் கருவி, ஆன்டிஜென் என்பது பிடிபடும் பொருள். முயலுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. அதன் உடலுக்குள் வரும் மனித ஆன்டிபாடி வெறும் அந்நியப் புரதம். அந்தப் புரதத்தின் மேற்பரப்பில் தனக்குப் புதிதாகத் தெரியும் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எதிராக அது தனித்தனியாக ஆன்டிபாடி செய்கிறது. ஆகவே அந்தப் புட்டியில் இருப்பது நூற்றுக்கணக்கான ஆன்டிபாடிகளின் கூட்டம். ஒவ்வொன்றும் ஐஜிஜி-யின் ஏதோ ஒரு மூலையைப் பார்த்துப் பிறந்தது. அந்த மூலை ஐஜிஎம்-இலும் இருந்தால் அங்கேயும் போய் ஒட்டும். இந்தத் துறையில் 'எதற்கு எதிரான ஆன்டிபாடி?' என்ற கேள்வி போதாது. அதன் எந்தப் பகுதிக்கு எதிராக என்று கேட்க வேண்டும்.

ஐஜிஜி-யில் என்னென்ன மூலைகள்? ஆன்டிபாடியின் அடிப்படை அலகு நான்கு புரதச் சங்கிலிகள். இரண்டு கனச்சங்கிலி, இரண்டு இலகுச்சங்கிலி; ஆய்வுக்கூடத்தில் ஹெவி செயின், லைட் செயின் என்றுதான் சொல்வோம். வகுப்பைத் தீர்மானிப்பது ஹெவி செயின். காமா இருந்தால் ஐஜிஜி, மியூ இருந்தால் ஐஜிஎம், ஆல்ஃபா இருந்தால் ஐஜிஏ, டெல்டா என்றால் ஐஜிடி, எப்சிலான் என்றால் ஐஜிஈ. லைட் செயின் கப்பா, லாம்டா என்று இரண்டே வகை, அவை ஐந்து வகுப்புக்கும் பொது. ஒரு மூலக்கூறில் இரண்டும் கப்பாவாக இருக்கும், அல்லது இரண்டும் லாம்டாவாக, கலந்து இருக்காது. மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆன்டிபாடிகள் கப்பா. ஐஜிஜி-யின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50,000, லைட் செயின்களுடையது. முயல் அதைப் பார்க்காமல் விடுமா? உங்கள் சீரத்தில் ஒரு பகுதி கப்பாவுக்கும் லாம்டாவுக்கும் எதிரானது. ஐஜிஎம் என்பது ஐந்து அலகு சேர்ந்த பெரிய மூலக்கூறு, அதில் பத்து லைட் செயின் இருக்கிறது. அகார் தட்டில் அது கோடு போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை உங்கள் தட்டே காட்டிக் கொடுக்கும். ஸ்வீடனின் ஒர்ஜான் ஔக்டர்லோனி 1940-களின் கடைசியில் கொண்டுவந்த முறை இது. நடுக் குழியில் முயல் சீரம், சுற்றிலும் அடுத்தடுத்த குழிகளில் ஐஜிஜி, ஐஜிஎம். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டு ஆன்டிஜெனும் முற்றிலும் ஒன்றாக இருந்தால் கோடுகள் வளைந்து ஒன்றாகிவிடும். சம்பந்தமே இல்லாவிட்டால் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். உங்களுக்கு இரண்டுமே கிடைக்காது. கோடுகள் சேரும், ஆனால் ஐஜிஜி கோட்டின் ஒரு வால் மட்டும் சந்திப்பைத் தாண்டி ஐஜிஎம் குழிப் பக்கம் நீண்டிருக்கும். அந்த வாலை ஸ்பர் என்பார்கள். கோடுகள் சேரும் பகுதியை உண்டாக்குவது லைட் செயினுக்கு எதிரான ஆன்டிபாடி. அதை ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டுமே பிடித்து நிறுத்திவிடும். காமா செயினுக்கு எதிரானவற்றை ஐஜிஎம்-ஆல் தடுக்க முடியாது. அவை ஐஜிஎம் கோட்டைக் கடந்துபோய், அப்பால் பரவி வந்த ஐஜிஜி-யைச் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புதான் வால். பொதுவான அடையாளம், தனி அடையாளம் இரண்டும் ஒரே படத்தில்! பட்டப்படிப்பு செய்முறைத் தேர்வில் இந்தப் படத்தைப் பலர் வரைந்திருப்பார்கள். வால் எந்தப் பக்கம் நீளும், ஏன் என்று கேட்டால்தான் திணறுவார்கள்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை, ஏனென்றால் அது நோயாளிகளிடமிருந்து வந்தது. சாதாரண சீரத்தில் இருப்பது லட்சக்கணக்கான வேறு வேறு ஆன்டிபாடிகளின் கூட்டுக் கலவை. அதிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறைத் தனியே எடுத்துப் பார்க்க அந்தக் காலத்தில் வழியில்லை. மல்டிபிள் மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுநோயில் ஆன்டிபாடி சுரக்கும் ஒரே ஒரு பிளாஸ்மா செல் பெருகி, ஒரே மாதிரியான ஆன்டிபாடியைக் கிராம் கணக்கில் ரத்தத்தில் கொட்டுகிறது. 1845-இல் அப்படி ஒரு லண்டன் நோயாளியின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவ வேதியியலாளரிடம் வந்தது. அதில் இருந்த புரதம் மிதமாகச் சூடாக்கினால் திரிந்தது, கொதிநிலைக்கு அருகே மறுபடி கரைந்தது. முட்டையின் வெள்ளைக்கரு இப்படி நடந்துகொள்ளாதே என்று எல்லோரும் குழம்பினார்கள். அது என்ன புரதம் என்று தெரிய நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

1956-இல் நியூயார்க்கில் லியோன்ஹார்ட் கார்ன்கோல்டும் ரோஸ் லிப்பாரியும் பல நோயாளிகளின் பென்ஸ் ஜோன்ஸ் புரதங்களை முயல் சீரங்களோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் இரண்டே கூட்டமாகப் பிரிந்தன. ஒரு கூட்டத்துக்கு எதிரான சீரம் மற்றதைத் தொடவில்லை. அதோடு, மைலோமா நோயாளிகளின் சீரத்தில் இருந்த முழுப் புரதங்களும் இதே இரண்டு கூட்டத்தில் ஏதாவது ஒன்றில் சேர்ந்தன. கார்ன்கோல்டின் 'க'வும் லிப்பாரியின் 'ல'வும்தான் பின்னாளில் கப்பா, லாம்டா ஆயின. வேதியியல் விளக்கம் 1962-இல் வந்தது. ஜெரால்ட் எடெல்மேனும் ஜோசப் கேலியும் ஒரு நோயாளியின் சீரத்தில் இருந்த ஐஜிஜி-யைப் பிரித்து அதன் லைட் செயினை எடுத்துச் சூடாக்கினார்கள். அதே நோயாளியின் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் போலவே அது திரிந்து கரைந்தது. சிறுநீரில் வந்தது ஹெவி செயினோடு சேராமல் தனியே தப்பித்த லைட் செயின். ஆக, லைட் செயின் என்ற சங்கிலியை வேதியியல் காட்டும் முன்பே அதன் இரண்டு வகைகளை முயல்கள் பிரித்துக் காட்டிவிட்டன.

இன்னொரு பக்கம் ரோட்னி போர்ட்டர் 1959-இல் முயல் ஐஜிஜி-யைப் பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் நொதியால் வெட்டினார். மூன்று துண்டு கிடைத்தது. இரண்டு துண்டுகள் ஆன்டிஜெனைப் பிடித்தன, அவை ஃபேப். மூன்றாவது பிடிக்கவில்லை, ஆனால் குளிரில் படிகமாயிற்று, அது எஃப்சி. லைட் செயின் முழுவதும் ஃபேப்பில் இருக்கிறது. எஃப்சி-யில் ஹெவி செயின் மட்டும்தான். ஆகவே ஃபேப்புக்கு எதிராக எடுத்த சீரம் எல்லா வகுப்பையும் பிடிக்கும். எஃப்சி-க்கு எதிராக எடுத்தது அந்த வகுப்போடு பெரும்பாலும் நின்றுவிடும். வகுப்பின் அடையாள அட்டை எஃப்சி-யில் இருக்கிறது என்று சொல்லலாம். போர்ட்டரும் எடெல்மேனும் 1972-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரவேண்டும். காமா, மியூ, ஆல்ஃபா எல்லாம் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து இரட்டித்து வந்தவைதானே? எல்லாவற்றிலும் சுமார் 110 அமினோ அமிலம் கொண்ட அதே மடிப்பு திரும்பத் திரும்ப வருகிறதே? பிறகு ஏன் காமாவுக்கு எதிரானது மியூவைப் பிடிப்பதில்லை? மடிப்பு ஒன்றுதான், மேற்பரப்பு வேறு. ஆன்டிபாடி பார்ப்பது வெளியே தெரிவதை மட்டும். வெவ்வேறு வகுப்புகளின் ஹெவி செயின்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டால் அமினோ அமிலங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் ஒத்துப்போகும். ஒத்துப்போகும் அந்தப் பங்கிலும் பெரும்பகுதி உள்ளே புதைந்து மடிப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மூங்கில் சட்டம் ஒன்றாக இருந்தாலும் மேலே ஒட்டிய காகிதம் வேறாக இருந்தால் பார்ப்பவருக்கு வேறு பொம்மைதான்.

ஒரே வகுப்புக்குள் இருக்கும் துணை வகுப்புகளின் நிலைமை நேர் எதிர். ஐஜிஜி1, 2, 3, 4 என்று நான்கு உண்டு, 1964-இல் பிரிக்கப்பட்டவை. அவற்றின் காமா செயின்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஒன்றுபோல இருக்கும். வித்தியாசத்தில் பெரும்பங்கு நடுவில் இருக்கும் கீல் பகுதியில். ஐஜிஜி1-க்குக் கீல் 15 அமினோ அமிலம், ஐஜிஜி3-க்கு 62. சாதாரண முயல் சீரத்தால் இந்த நான்கையும் பிரிப்பது பெரும்பாடு. ஒரே செல்லின் வாரிசுகள் (குளோன்) செய்யும், ஒரே மூலையை மட்டும் பிடிக்கும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி வந்த பிறகுதான் வேலை எளிதாயிற்று, அதிலும் நல்ல குளோன் அமைவது அதிர்ஷ்டம்.

வகுப்புக்குத் தனியான சீரம் தயாரிக்க மோனோக்ளோனலுக்கு முந்தைய காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது, உங்களுக்கும் அதுதான் தீர்வு. ஐஜிஎம்-ஐ ஊசி போட்டு எடுத்த சீரத்தோடு ஐஜிஜி-யைக் கலப்பார்கள். பொதுவான மூலைகளைத் தேடும் ஆன்டிபாடிகள் எல்லாம் ஐஜிஜி-யோடு ஒட்டிக் கீழே படியும். மேலே மிச்சம் இருப்பது மியூவுக்கு மட்டும் எதிரானது. கலப்பதற்கு அப்போது விரும்பி எடுத்தது தொப்புள்கொடி ரத்தத்தின் சீரம். தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். ஐஜிஎம், ஐஜிஏ போகாது. ஆகவே கொடி ரத்தத்தில் ஐஜிஜி நிறைய, மற்றவை மிகச் சொற்பம். இயற்கையே பிரித்துக் கொடுத்த கலவை. (அதே காரணத்தால்தான் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஎம் அதிகமாக இருந்தால், கருவிலேயே தொற்று வந்ததோ என்று மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள்.)

இந்தக் கழித்தல் கணக்கின் உச்சம் என்று நான் நினைப்பது ஐஜிஈ கண்டுபிடிப்பு. ஒவ்வாமை உள்ளவரின் சீரத்தை இன்னொருவர் தோலுக்குள் செலுத்தினால் அந்த ஒவ்வாமை அந்த இடத்துக்கு மாறும் என்று பிராஸ்னிட்ஸும் கூஸ்ட்னரும் 1921-இலேயே காட்டியிருந்தார்கள். அந்தப் பொருளுக்கு ரீஜின் என்று பெயர் மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். ரத்தத்தில் ஐஜிஜி ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் இருக்கும்போது இது நானோகிராம் கணக்கில் இருந்தால் எப்படித் தெரியும்? 1966-இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா தம்பதி, ஒவ்வாமை நோயாளிகளின் சீரத்தில் ரீஜின் செறிந்த பகுதியை முயலுக்கு ஊசி போட்டார்கள். கிடைத்த சீரத்திலிருந்து தெரிந்த வகுப்புகளுக்கு எதிரானவற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்தார்கள். எல்லாம் போன பிறகும் ஏதோ மிச்சம் இருந்தது. அது ரீஜினைப் பிடித்தது.

ஏறக்குறைய அதே நேரத்தில் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு விசித்திரமான மைலோமா புரதம். லைட் செயினுக்கு எதிரான சீரம் அதைப் பிடித்தது, ஆகவே அது ஆன்டிபாடிக் குடும்பம்தான். ஆனால் காமா, ஆல்ஃபா, மியூ, டெல்டா எதற்கு எதிரான சீரமும் பிடிக்கவில்லை. பொதுவான அடையாளம் இருக்கிறது, தெரிந்த தனி அடையாளம் ஒன்றும் இல்லை. அப்படியானால் புதிய வகுப்பு. இரு தரப்பும் தங்கள் சீரங்களை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 1968-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் ஐஜிஈ என்ற பெயர் நிலைபெற்றது. மூன்று ஆண்டு முன்னால், 1965-இல், ரோவும் ஃபேஹியும் ஐஜிடி-யைக் கண்டுபிடித்ததும் இதே தர்க்கத்தில்தான்: லைட் செயின் தெரிந்தது, ஹெவி செயின் தெரியாதது.

இதுவரை சொன்ன அடையாளங்கள் எல்லா மனிதருக்கும் பொது. இவற்றுக்கு ஐசோடைப் என்று பெயர். ஆளுக்கு ஆள் மாறும் சின்ன வித்தியாசங்களும் உண்டு, அவை அல்லோடைப். அந்தச் சொல் ஜாக் ஊடன் 1956-இல் தந்தது. அதே ஆண்டு ஸ்வீடனில் ரூனே குரூப், முடக்குவாத நோயாளிகளின் சீரத்தை வைத்து மனிதரின் ஐஜிஜி-யில் ஜிஎம் என்ற அல்லோடைப்பைக் கண்டார். இங்கே ஒரு வேடிக்கை. ஐஜிஜி1-இன் காமா செயினில் 356, 358-ஆம் அமினோ அமில இடங்களில் சிலருக்கு ஆஸ்பார்டிக் அமிலமும் லூசினும் இருக்கும், மற்றவர்களுக்குக் குளூட்டாமிக் அமிலமும் மெத்தியோனினும். இந்த இரண்டாவது ஜோடி ஐஜிஜி2-இலும் ஐஜிஜி3-இலும் எல்லோருக்கும் இருக்கிறது. அதாவது ஒரு துணை வகுப்பில் ஆளைப் பொறுத்து மாறும் அடையாளம், பக்கத்துத் துணை வகுப்பில் எல்லோருக்கும் பொது அடையாளம். இதற்கு ஐசோஅல்லோடைப் என்று தனிப் பெயரே வைத்தார்கள். வகைப்படுத்தும் பெட்டிகள் நம்முடையவை, மூலக்கூறுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அல்லோடைப் கதையில் நான் எப்போதும் நின்று வியக்கும் இடம் ஒன்று உண்டு. 1963-இல் சார்ல்ஸ் டாட் முயல்களில் ஒன்றைக் கவனித்தார். ஹெவி செயினில் இருக்கும் 'ஏ' வரிசை அல்லோடைப் அடையாளம், ஒரே முயலின் ஐஜிஜி-யிலும் ஐஜிஎம்-இலும் இருந்தது. யோசித்துப் பாருங்கள். காமா ஒரு மரபணு, மியூ வேறு மரபணு. ஒரு மரபணுவுக்கு ஒரு புரதச் சங்கிலி என்பது அன்றைய வேதவாக்கு. இரண்டு தனி மரபணுக்களின் சங்கிலிகளில் பரம்பரையாக வரும் ஒரே மச்சம் எப்படி வந்தது? அப்பா ஒருவர், பிள்ளைகள் இருவர் என்றால் புரியும். இங்கே இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே மச்சம். 1965-இல் டிரையரும் பென்னட்டும் துணிந்து ஒரு விடை சொன்னார்கள். சங்கிலியின் ஆன்டிஜென் பிடிக்கும் முனைக்கு ஒரு மரபணு, மீதிக்கு இன்னொரு மரபணு, இரண்டும் சேர்ந்து ஒரே சங்கிலியைச் செய்கின்றன. அந்த 'ஏ' அடையாளம் முனைப் பகுதியில் இருக்கிறது. அதே முனை காமாவோடும் சேரும், மியூவோடும் சேரும். அன்றைக்கு இதைப் பலர் ஏற்கவில்லை. 1976-இல் சுசுமு டோனெகாவாவும் நோபுமிச்சி ஹோசுமியும் பாசலில் மரபணு வெட்டி ஒட்டப்படுவதை நேரடியாகவே காட்டினார்கள். டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல். உங்கள் அகார் தட்டில் விழுந்த 'எதிர்பாராத' கோடு மாதிரியான ஒன்றில்தான் அதன் விதையும் இருந்தது.

மூன்றாவது அடுக்கு இடியோடைப். ஆன்டிஜென் பிடிக்கும் அந்த முனையே ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனி வடிவம், ஆகவே அதற்கு எதிராகவும் ஆன்டிபாடி எடுக்கலாம். இது வகுப்பைக் கடந்தது. ஆன்டிபாடி செய்யும் ரத்த வெள்ளை செல்லான பி செல், ஒரே செல்லாகவே முதலில் ஐஜிஎம் செய்து, பிறகு ஐஜிஜி-க்கு மாறும்போது ஹெவி செயினின் அடிப்பகுதியை மட்டும் மாற்றுகிறது, முனையை வைத்துக்கொள்கிறது. எனவே ஒரே இடியோடைப் இரண்டு வகுப்பில் தெரியும். சட்டை மாறியது, முகம் மாறவில்லை.

இந்த அடையாளங்கள் நோயாளியின் படுக்கை வரை வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் இம்யூனோஃபிக்ஸேஷன் என்ற பரிசோதனையைப் பாருங்கள். மைலோமா சந்தேகம் என்றால் நோயாளியின் சீரத்தை ஜெல்லில் மின்சாரத்தால் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் காமா, ஆல்ஃபா, மியூ, கப்பா, லாம்டா என்று ஒவ்வொரு ஆன்டிசீரத்தை ஊற்றுவார்கள். காமா தடத்திலும் கப்பா தடத்திலும் ஒரே உயரத்தில் கூரான பட்டை விழுந்தால் ஐஜிஜி கப்பா. லாம்டாவில் மட்டும் விழுந்து காமா, ஆல்ஃபா, மியூ மூன்றிலும் ஒன்றுமில்லை என்றால் அவசரப்பட்டு 'லைட் செயின் மட்டும்' என்று எழுதக் கூடாது. ஐஜிடி, ஐஜிஈ-க்கும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஹெவி செயின் தடத்தில் மட்டும் விழுந்து லைட் செயின் எதிலும் இல்லாத நோயும் உண்டு, எட்வர்ட் ஃபிராங்க்ளின் 1964-இல் விவரித்த ஹெவி செயின் நோய். லைட் செயின் இல்லாமலே ஆன்டிபாடி வேலை செய்யுமா என்று கேட்டால், ஒட்டகத்தைக் கேளுங்கள். அதன் ஐஜிஜி-யில் ஒரு பகுதிக்கு லைட் செயினே கிடையாது. பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட இந்தச் சேதியின் தொடக்கம் மாணவர்களுக்கான செய்முறை வகுப்பு.

இந்தப் பரிசோதனைக்கு இப்போது புதுத் தலைவலி. மைலோமாவுக்கு 2015 முதல் தரப்படும் டாராட்டுமுமாப் என்ற மருந்தே ஐஜிஜி1 கப்பா ஆன்டிபாடி. மருந்து ஏறிய நோயாளியின் சீரத்தில் அதுவும் காமா, கப்பா தடங்களில் சின்னப் பட்டையாக விழும். நோய் மிச்சம் இருக்கிறதா, மருந்து தெரிகிறதா? நோயின் ஆன்டிபாடியும் ஐஜிஜி கப்பாவாக இருந்தால் ஐசோடைப்பால் இதற்கு விடை சொல்லவே முடியாது. இடியோடைப்புக்குத்தான் போக வேண்டும். மருந்தின் முனையை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சீரத்தில் கலந்தால் மருந்தின் பட்டை இடம் மாறிவிடும், நோயின் பட்டை அங்கேயே நிற்கும்.

மறைந்திருக்கும் அடையாளங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லைட் செயின் ஹெவி செயினோடு ஒட்டியிருக்கும்போது அதன் ஒரு பக்கம் மூடிக்கிடக்கும். தனியே இருக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் வெளியே தெரியும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் எதிரான ஆன்டிபாடியை எடுத்தால், சீரத்தில் கடல் போல இருக்கும் முழு ஆன்டிபாடிகளைத் தொடாமல் தனி லைட் செயினை மட்டும் அளக்கலாம். இன்று மைலோமா நோயாளிகளுக்கு எடுக்கும் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனை இதுதான். கப்பாவுக்கும் லாம்டாவுக்கும் உள்ள விகிதம் 0.26 முதல் 1.65 வரை இயல்பு என்று பரவலாகக் கொள்கிறார்கள். ஐஜிஎம்-இலும் இரட்டை ஐஜிஏ-விலும் அலகுகளை இணைக்கும் ஜே செயின் என்ற சின்னச் சங்கிலி இன்னொரு பொது அடையாளம், ஐஜிஜி-யில் அது கிடையாது.

நம்மூர் உதாரணத்துக்கு டெங்குப் பரிசோதனை. புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஐஜிஎம் எலைசா (குழித் தட்டில் நிறமாற்றத்தால் ஆன்டிபாடியைக் காட்டும் பரிசோதனை) கிட்டில் குழிகளின் அடியில் பூசியிருப்பது மியூ செயினுக்கு எதிரான ஆன்டிபாடி. நோயாளியின் ஐஜிஎம் எல்லாம் முதலில் அங்கே பிடிபடும், பிறகு அதில் டெங்குவுக்கு எதிரானது எவ்வளவு என்று பார்ப்பார்கள். பூசியதில் லைட் செயினுக்கு எதிரானதும் கலந்திருந்தால் என்ன ஆகும்? சீரத்தில் ஐஜிஎம்-ஐப் போலப் பல மடங்கு இருக்கும் ஐஜிஜி வந்து குழியை நிரப்பிவிடும். பழைய தொற்றின் ஐஜிஜி, புதிய தொற்று என்று பொய் சொல்லும். 'மியூ ஸ்பெசிஃபிக்' என்ற இரண்டு வார்த்தைக்கு உள்ள மதிப்பு இது. இன்னொரு வில்லன் ருமட்டாய்டு ஃபேக்டர். அது நோயாளியின் சொந்த ஐஜிஎம்; ஐஜிஜி-யின் எஃப்சி-யை ஆன்டிஜெனாகப் பார்க்கிறது. குழியில் நேரடியாக வைரஸ் ஆன்டிஜெனைப் பூசும் கிட்டுகளில், அங்கே ஒட்டிய ஐஜிஜி-யின் முதுகில் இது ஏறி உட்கார்ந்து பொய்யான ஐஜிஎம் பாசிட்டிவ் காட்டும். அதனால் அத்தகைய கிட்டுகளில் முதலில் ஐஜிஜி-யை உறிஞ்சி எடுக்கச் சொல்வார்கள்.

உங்கள் புட்டிக்கு வருவோம். கடையில் வாங்கினால் 'எச் பிளஸ் எல்' என்று எழுதியிருப்பது ஹெவி, லைட் இரண்டையும் பிடிக்கும், எல்லா வகுப்பிலும் கோடு விழும். 'எஃப்சி ஸ்பெசிஃபிக்' அல்லது 'காமா செயின் ஸ்பெசிஃபிக்' என்று இருந்தால்தான் ஐஜிஜி-யோடு நிற்கும். உங்களுடையது சொந்தத் தயாரிப்பு என்பதால், மனித ஐஜிஜி-யைப் பப்பெய்னால் வெட்டி, ஃபேப்பை மட்டும் செஃபரோஸ் மணிகளில் கட்டி, குழாயில் நிரப்பி, அதன் வழியாகச் சீரத்தை ஓட்டுங்கள். கீழே இறங்குவதை மறுபடி அதே தட்டில் போடுங்கள். ஐஜிஜி கோடு மட்டும் இருந்து மற்ற இரண்டும் மறைந்துவிட்டால் குற்றவாளி லைட் செயின். ஃபேப் குழாயைத் தாண்டியும் ஐஜிஎம் கோடு விழுந்தால், உங்கள் முதல் சந்தேகம் சரி, ஊசி போட்ட ஐஜிஜி-யில் ஐஜிஎம் கலந்திருந்தது. தட்டில் வைத்த ஐஜிஎம்-இலேயே ஐஜிஜி ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் பாருங்கள்.

குழாயில் ஒட்டியதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். அமிலக் கிளைசினால் இறக்கி உடனே டிரிஸ் விட்டு நடுநிலைப்படுத்தி எடுத்துவையுங்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி கப்பாவுக்கும் லாம்டாவுக்கும் எதிரானது. ஐந்து வகுப்பையும் ஒரே அடியில் பிடிக்க ஒரு ரியேஜென்ட் தேவைப்படும் நாள் சீக்கிரமே வரும்.